கீரைப்பாத்தியில் டேலியாப் பூ

அத்தியாயம் 11

சென்ற வாரம் வேலாயியை நாம் விட்டு வந்த இடம் அவளுடைய கீரைப்பாத்தி. பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மகள் பவளம், சுவரைத் தடவாமல், கதவு நிலையில் முட்டிக்கொள்ளாமல், வாசல் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து பாத்தி வரைக்கும் தானாக நடந்து வந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்தாளே, அந்த இடம். ஆறு வயதுப் பிள்ளை பத்தடி நடந்ததற்கு ஒரு தாய் தேம்பித் தேம்பி அழுதாள் என்றால் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்களுக்காக இரண்டு வார்த்தை.

பவளத்துக்கு மாலைக்கண். பகலெல்லாம் ஓடி விளையாடுவாள். வெளிச்சம் மங்கினால் சுவரைத் தடவுவாள். தோட்டத்து டொக்டர் ஐயா அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "மீனெண்ணெய் குடுக்க வேணும். எழுதிப் போட்டு மூண்டு மாசம், இன்னும் வந்து சேரேல்லை. அது வருமட்டும் நாள் தவறாமல் கீரை குடு பிள்ளை. விட்டியெண்டால் கண் முழுக்கவே போயிடும்" என்று தம் யாழ்ப்பாணத் தமிழில் சொல்லி அனுப்பினார். நாள் தவறாமல் கீரைக்கு எங்கே போவது? மூங்கிலடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடைவீதி நாலு மைல். லயத்து வரிசை வீட்டில் விடிந்தாலும் கோதுமை மா ரொட்டி, பொழுது அடைந்தாலும் அதே ரொட்டி.

அப்போதுதான் வேலாயி வீட்டுக்கு முன்னால் இடுப்பளவுக்குக் குழி வெட்டினாள். காய்த்தோல், அடுப்புச் சாம்பல், பக்கத்து வீட்டுக் காளியாயியின் ஆட்டுப் புழுக்கை, கூட்டித் தள்ளிய சருகு எல்லாம் அதற்குள் போயின. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சாக்கடைக் காணில் வீணாக ஓடாமல், பிளந்த மூங்கில் வழியாகப் பாத்திக்கு வந்தன. நாலு மாதத்தில் தண்டங்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்காணி, ஓரத்தில் போஞ்சிக் கொடி. அவளைப் பார்த்துப் பத்தாம் நம்பர் லயத்தின் எட்டு வீட்டிலும் குழி வந்தது, பாத்தி வந்தது. யாரும் சங்கம் கூட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. பிள்ளைகளின் வாய்ப்புண் ஆறியதைப் பெண்கள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள்.

கதை இவ்வளவுதான் நடந்திருக்கிறது. இனி வெள்ளிக்கிழமை.

•

விடியற்காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற நேரத்தில், கணக்கப்பிள்ளை செல்லசாமி தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னிக்கு மூணு மணிக்குக் கொழும்பு நோனா வர்றாங்க. வீட்டச் சுத்தமா, சிக்கனமா, நோய்நொடி இல்லாம வச்சிருக்கிறவங்களுக்குப் பரிசு குடுக்கப் போறாங்க. பெரிய தொரையும் கூட வர்றாரு. பொம்பளைங்க ரெண்டரைக்கே கொழுந்த நிறுத்துப் போட்டுட்டு லயத்துக்கு வந்து நிக்கணும்."

கொழும்பில் பெரிய வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்களாம். ஏழை எளியவர்களுக்குக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொடுப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. திம்புள்ளப் பக்கத்தில் இரண்டு தோட்டம் பார்த்தாகிவிட்டது, இது மூன்றாவது.

வேலாயிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அதை நாம் ஏன் மறைக்க வேண்டும்? பரிசு கிடக்கட்டும். தன் பாத்தியை ஒரு படித்த பெண் குனிந்து பார்க்கப் போகிறாள், இதென்ன கீரை, எப்படி வளர்த்தாய் என்று நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று நினைத்தாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டே காளியாயியிடம் சொன்னாள்.

"அக்கா, இன்னிக்குப் பாத்தியில களை ஒண்ணு ரெண்டு கெடக்கு. மத்தியானம் சோத்துக்குப் போறப்போ பிடுங்கிப் போட்டுரணும்."

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகிற ஆண்களில் பத்துப் பேரை மட்டும் கணக்கப்பிள்ளை லயத்து வேலைக்கு ஒதுக்கினார். அதில் முதல் பெயர் அழகுமுத்து, வேலாயியின் புருஷன். அவன் பெயர் கூப்பிட்டதும் அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

•

மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது வேலாயி ஒரு நிமிஷம் வேறு லயத்துக்கு வந்துவிட்டோமோ என்று மலைத்துப்போனாள்.

சுவரெல்லாம் வெள்ளை. காணுக்கு இருபுறமும் கல் அடுக்கி அதற்கும் வெள்ளை. பாத்தியைக் காணோம். பாத்தி இருந்த இடத்தில் சிவப்புச் சரளைக்கல் பரப்பியிருந்தது. குழி இருந்த இடத்தை மண் போட்டு மேடாக்கி, அதன்மேல் ஒரு டசின் டேலியாச் செடி, பூத்த பூவோடு நட்டிருந்தது. எல்லாம் பெரிய பங்களாத் தோட்டத்திலிருந்து வேரோடும் மண்ணோடும் தூக்கி வந்தவை. மூங்கில் குழாயை உடைத்து லயத்துக் கோடியில் போட்டிருந்தார்கள். எட்டு வீட்டு வாசலும் அதே கதிதான்.

காளியாயி கையில் ஒரு போஞ்சிக் கொடியை வேரோடு பிடித்துக்கொண்டு எதிரே வந்தாள். பிஞ்சு பிஞ்சாகக் காய் தொங்கியது.

"யாருக்கா இந்த அநியாயம் பண்ணுனது?"

"என்னையக் கேக்கிறியா? ஓம் புருசனக் கேளு! மொதல்ல ஓம் பாத்தியத்தான் கொத்துனாரு. அழகுமுத்து வீட்டுலயே கொத்தியாச்சு, ஒங்களுக்கு என்னன்னு கணக்கப்புள்ள கேக்கிறாரு. பிள்ளைக்காம்பிராவுல புள்ளைங்களப் பாக்கிற கெழவி சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நாங்க வந்து பாக்கையில எல்லாம் முடிஞ்சு போச்சு."

வாசகர்களுக்கு இந்தக் கணக்கப்பிள்ளையின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜனங்களுக்குப் பிடிக்காத வேலை ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் செல்லசாமி தாமாக முன்னால் வரமாட்டார். தம்மிடம் எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கிறவன் எவனோ அவனைக் கூப்பிட்டு, "மொதல்ல ஒன் வீட்டுல செஞ்சு காட்டு" என்பார். அவன் செய்துவிட்டால் மற்றவர்கள் வாயடைத்துப் போவார்கள். பழைய கங்காணி செத்து ஒரு மாதமாக அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதன்மேல் கண் வைத்துக் காத்திருந்தவன் அழகுமுத்து. இந்தத் திருக்கூத்து வியாழக்கிழமையே பேசி முடித்த காரியம். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழகுமுத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"நீங்களா?" என்றாள் வேலாயி.

"கணக்கப்புள்ள ஐயா சொன்னாரு. குழி நாறுதாம். நோனா மூக்கப் பொத்துனா தொரைக்கு அவமானமாம்."

"ஒங்களுக்கு நாறுச்சா? நாலு மாசமா அந்தக் குழி ஓரத்துலதான உக்காந்து பீடி குடிக்கிறீங்க. ஒரு நாளு நாறுச்சா?"

"கத்தாத புள்ள. ரெண்டு நாளைக்குத்தான். நோனா போன பொறவு திரும்ப வெட்டிக்கலாம்."

"குழி வெட்டிக்கலாம். கீரை? ரெண்டு நாள்ல கீரை மொளைச்சு, தழைச்சு, எம்புள்ள தட்டுக்கு வந்துருமா? டொக்டர் ஐயா என்னா சொன்னாரு? நாள் தவறாமன்னு சொன்னாரா இல்லையா? ஒங்க காதுலயும்தான விழுந்துச்சு?"

"கங்காணி வேல கெடைச்சா பவளத்த டவுன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகலாம் வேலாயி. அதுக்குத்தான நானும்..."

"ஆஸ்பத்திரியில என்னா சொல்லுவாங்க? கீரை குடுன்னுதான் சொல்லுவாங்க! இருந்த கீரையக் கொத்திப் போட்டுட்டு, கீரை குடுக்கச் சொல்லுற எடத்துக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போகப்போறாராம்!"

அழகுமுத்து மண்வெட்டியை மறுபடி துடைக்கத் தொடங்கினான். அவன் கெட்டவனில்லை. மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவன்தான். ஆனால் கங்காணிக் கோட்டு கண்ணுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அதைத்தான் வேலாயியால் தாங்க முடியவில்லை.

"பிடுங்குன கீரையாவது எங்க? ஒரு கைப்பிடி ஆஞ்சு எடுத்துக்கிறேன்."

"எல்லாத்தையும் குழியிலயே போட்டு மூடியாச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பவளம் உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். ரொட்டியும் சம்பலும் இருந்தன. "அம்மா, இன்னிக்குக் கீரை ஆக்கலையா?" என்றாள்.

வேலாயி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு டேலியா மேட்டுக்கு ஓடினாள். ஓங்கின கை ஓங்கினபடி நின்றது. எதிரே செல்லசாமி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பூவத் தொட்டுப் பாரு. நாளைக்கே புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பத்துச்சீட்டு. மூட்டையக் கட்டிக்கிட்டு எங்க வேணும்னாலும் போய்க்கலாம். ஊருக்குப் போறதா இருந்தா இந்தியாவுல யாரு இருக்கா ஒனக்கு?"

பத்துச்சீட்டு என்றால் வேலை போயிற்று, வேலையோடு தலைக்குமேல் இருக்கிற தகரமும் போயிற்று. இங்கே பிறந்து, இங்கேயே வளர்ந்து, இந்த மலையைத் தவிர வேறொன்றைப் பார்க்காதவளிடம் போய் இந்தியாவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். வேலாயி மண்வெட்டியைக் கீழே போட்டாள். கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். அன்று பிற்பகல் அவள் விரல்கள் கொழுந்தைக் கிள்ளவில்லை, பிய்த்தன.

•

மூன்று மணிக்குக் கார் வந்தது. பனி இறங்கி, எதிர் மலை தெரியாமல், தூறலாகத் தூறிக்கொண்டிருந்தது. நோனா குடை பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, நல்ல முகம். பின்னால் பெரிய தொரை. மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் தம்பு ஐயா.

பெண்கள் எட்டு வீட்டு வாசலிலும் வரிசையாக நின்றார்கள். நோனா இங்கிலீஷில் பேசினாள். கிளாக்கர் கையைக் கட்டிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"அம்மா சொல்லுறா, காய்கறித் தோலை எறியக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்தில ஒரு குழி வெட்டி அதுக்குள்ள போட வேணும். அது நல்ல பசளையாகும்."

காளியாயி வேலாயியைப் பார்த்தாள்.

"பாத்திரம் கழுவுற தண்ணியை வீணாக்கக் கூடாது. செடிகளுக்கு விட வேணும்."

பின் வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு சின்னக் கீரைப்பாத்தி இருக்க வேணும். பிள்ளையளின்ர கண்ணுக்குக் கீரை மிச்சம் நல்லது."

பிள்ளைகளின் கண்ணுக்கு! வேலாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் எட்டுக் குழியை மூடிவிட்டுப் பிற்பகலில் குழி வெட்டச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எட்டுப் பாத்தியைக் கொத்திவிட்டுப் பாத்தி போடு என்கிறார்கள். இதைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நிற்க வேண்டும், முடிவில் கும்பிடவும் வேண்டும். இந்த அக்கிரமத்தை எழுதும்போது எனக்கே பேனாவை வீசிவிடலாம் போலிருக்கிறது. கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிரசங்கம் முடிந்தது. நோனா குடைக்குள்ளிருந்தபடி தூரத்தில் நின்றே ஒவ்வொரு வாசலாகப் பார்த்து வந்தாள். கடைசியில் கிளாக்கர் கையிலிருந்த கடுதாசியைப் பார்த்து அறிவித்தார்.

"முதற்பரிசு மூண்டாம் வீடு. அழகுமுத்து, வேலாயி."

பரிசு கண்ணாடி போட்ட ஒரு சான்றுப் பத்திரமும் ஆறு பீங்கான் கோப்பையும். செல்லசாமி முகமெல்லாம் பல்லாக அழகுமுத்துவை முன்னால் தள்ளினார். நோனா பூ மேட்டருகே வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

காலையில் நிமிர்ந்து நின்ற டேலியாக்கள் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. இலை வெந்து சுருண்டிருந்தது. மற்ற வீட்டு வாசலில் குழிக்குத் தள்ளி, சும்மா மண்ணில் நட்ட செடிகள் நன்றாகத்தான் நின்றன.

நோனா ஏதோ கேட்டாள். கிளாக்கர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏன் வாடினது எண்டு கேக்கிறா."

"வெயிலுங்க ஐயா" என்றார் செல்லசாமி.

தூறல் அவர் குடையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகச் சூரியனைப் பார்த்தவர் யாருமில்லை. இந்தத் தடவை பெண்கள் யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை; லயமே சிரித்தது.

விஷயம் இதுதான். குழியில் போட்ட குப்பை மக்கும்போது உள்ளே அடுப்புச் சூடு இருக்கும். மாதக்கணக்கில் ஆறின பிறகுதான் அது செடிக்கு ஆகும். இது பாத்தி போட்ட எட்டுப் பெண்களுக்கும் தெரியும். அதனால்தான் குழிக்குத் தள்ளியே கீரை விதைத்திருந்தார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண்களுக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் வீட்டுக் குழி எல்லாவற்றிலும் பெரிது. அதில் பச்சைக் கீரையையும் அள்ளிப் போட்டு, அதன் நட்ட நடுவில் பூவை வைத்துவிட்டார்கள்.

வேலாயி முன்னால் வந்தாள்.

"நோனா, மெஹாட்ட எண்ட. மெதன பலண்ட" என்றாள்.

இங்கே வாருங்கள், இதைப் பாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்களிடம் கீரை கொடுத்துப் பலாக்கொட்டை வாங்கி வாங்கிப் பழகின சிங்களம். கிளாக்கர் ஐயாவின் தயவு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தன் மொழியைக் கேட்டு நோனா திகைத்துத் திரும்பினாள்.

"பிள்ளை, நீ கொஞ்சம் சும்மா இரு. பிறகு கதைப்பம்" என்றார் கிளாக்கர், அடிக்குரலில்.

வேலாயி ஒரு டேலியாவைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தாள். உள்ளேயிருந்து குபுகுபுவென்று ஆவி எழும்பியது. அவள் நோனாவின் கையைப் பிடித்து, ஆமாம், பிடித்தே, அந்த மண்ணுக்குள் வைத்தாள்.

உடைந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். இதுதான் நீங்கள் வெட்டச் சொன்ன குழி. நாலு மாதமாக இங்கேதான் இருந்தது. எட்டு வீட்டுக்கும் இருந்தது. நீங்கள் வருகிறீர்கள் என்று காலையில் மூடிவிட்டார்கள். இதோ கீரை, நீங்கள் சாப்பிடச் சொன்ன கீரை. சொல்லிக்கொண்டே ஆவியில் வெந்து கறுத்த தண்டங்கீரையை வாரி எடுத்துப் பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பவளத்தை இழுத்து முன்னால் நிறுத்தினாள். இந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம் ஆனால் கண் தெரியாது. இந்தக் கீரையில்தான் பத்து நாளாகக் கொஞ்சம் தெரிந்தது.

நோனாவின் முகம் சிவந்துவிட்டது. தொரையிடம் இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். அது மரியாதையான கேள்வி இல்லை என்று இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. தொரை கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த தமிழில் உறுமினார்.

"யாரு குழி மூடுறது சொன்னான்?"

செல்லசாமி மெதுவாகத் தலையைத் திருப்பி அழகுமுத்துவைப் பார்த்தார், அவ்வளவுதான். வேலாயியும் புருஷனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை, கணக்கப்பிள்ளை சொன்னார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு வீட்டுப் பெண்களும் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

"நாந்தாங்க தொரை" என்றான் அழகுமுத்து. "யாரும் சொல்லலைங்க. பூ வச்சா அழகா இருக்கும்னு நானே..."

காளியாயி காறித் துப்பினாள்.

நோனா பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடிப் பத்திரத்தையும் கோப்பைகளையும் எடுத்து வேலாயி கையில் திணிக்கப் பார்த்தாள். வேலாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்குக் கோப்ப வேணாம். எங்க குழிய நாங்க திரும்ப வெட்டுனா யாரும் மூட மாட்டாங்கன்னு தொரைய ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

இதைத் தமிழிலேயே சொன்னாள். தொரைக்கு நன்றாகப் புரிந்தது. கிளாக்கர் ஐயாவுக்கும் புரிந்தது. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது. நோனா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

•

கார் வளைவில் மறைந்ததும் காளியாயி முந்தானையை வரிந்து கட்டினாள்.

"அவுங்க என்னா சொல்றது? சர்க்காரு நம்ம ஓட்டுரிமையப் பறிச்சப்போ நம்மளக் கேட்டா பறிச்சாங்க? பாத்தியப் பறிச்சப்போ கேட்டாங்களா? நாம மட்டும் எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கணும்? எட்றி மண்வெட்டிய!"

எட்டு வீட்டிலும் மண்வெட்டி வெளியே வந்தது. டேலியாக்களை யாரும் மிதிக்கவில்லை. பிடுங்கி, கட்டுக் கட்டாகக் கட்டி, கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வந்தார்கள். சரளைக்கல்லை வாரிக் காணோரம் கொட்டினார்கள். வேலாயி குனிந்த தலை நிமிராமல் வெட்டினாள். கண்ணீர் வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு வெட்டினாள். பாத்தி போனது ஒரு பக்கம். நாந்தாங்க தொரை என்ற அந்தக் குரல் இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமாக வலிக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. காளியாயி வீட்டில் எங்கோ ஓரத்தில் தப்பியிருந்த வல்லாரை ஒரு கைப்பிடி கிடைத்தது. அதை அலசி, பவளத்துக்கு ரொட்டியோடு மென்று தின்னக் கொடுத்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அழகுமுத்து வந்தான். உடம்பில் கறுப்புக் கோட்டு. செத்துப்போன கங்காணியின் கோட்டு, தோளில் தொளதொளத்தது. கையில் பிரம்பு.

பெண்கள் வெட்டுவதை நிறுத்தினார்கள்.

"கெடைச்சிருச்சு வேலாயி" என்றான். சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை.

"பாத்தாலே தெரியுதே. கூலி கை மேல குடுத்துட்டாங்க."

"அது இல்ல புள்ள..." அவன் பிரம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "நாளைக்குக் காலையில மொதப் பெரட்டு. கணக்கப்புள்ள ஐயா ஒண்ணு சொல்லிவிட்டிருக்காரு. நானாத்தான் சொல்லணுமாம். கங்காணின்னா வீட்டாளு, வெளியாளுன்னு பாக்கக் கூடாதாம். மொதல்ல என் வீட்டுலேருந்தே..."

"என்னா சொல்லணுமாம்?"

அழகுமுத்து பிரம்பு நுனியால் மண்ணைக் கீறினான்.

"ஒனக்கு வேல இல்லைன்னு."

காளியாயி கையிலிருந்த மண்வெட்டி நழுவியது. வேலாயி மட்டும் அசையவில்லை. அந்தக் கோட்டையும், கோட்டுக்குள் குறுகி நின்ற ஆளையும் மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். பிறகு பவளத்தைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"எதை?"

"நாளைக்குப் பெரட்டுல சொல்லப்போறத. ஒங்களுக்குப் புது வேல பாருங்க, பழக்கமில்ல. எம்முன்னாலயும் ஒங்க மக முன்னாலயும் ஒரு தடவ சொல்லிப் பழகிக்கிட்டுப் போங்க."

"வேலாயி, வெளையாடாத..."

"நான் வெளையாடல. சொல்லுங்க கங்காணி."

புருஷனை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எட்டு வீட்டுச் சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. பவளம் அப்பாவின் முகம் எங்கே இருக்கிறது என்று மங்கல் வெளிச்சத்தில் கண்ணை இடுக்கித் தேடினாள். அழகுமுத்துவின் உதடு அசைந்தது.

"வேலாயிக்கு... நாளைக்கு வேல..."

"கொரலு பத்தல" என்றாள் வேலாயி. "பெரட்டுல கடைசியா நிக்கிறவங்களுக்கும் கேக்கணும். இன்னொரு தடவ சொல்லுங்க."